மீட்டர்காரர் வைத்த மரங்கள்

அந்த வட்டாரத்தில் எழுநூறு வீடுகளுக்கு அவரைத் தெரியும். எழுநூறில் ஒருவருக்கும் அவர் பெயர் தெரியாது. "மீட்டர்காரர் வந்திருக்கார்" என்று உள்ளே ஒரு குரல் போகும். நாயைப் பிடித்துக் கட்டுவார்கள். பக்கவாட்டுக் கதவு திறக்கும். அவர் தோள்பையை இறக்கி, இரும்புக் கொக்கியால் தண்ணீர் மீட்டரின் மூடியைத் தூக்குவார். உள்ளே கரப்பான் ஓடும், மரவட்டை சுருளும், சில வீட்டில் தவளை ஒன்று அவரையே முறைத்துப் பார்க்கும். குழிக்குள் கையை விட்டுக் கண்ணாடியைத் துணியால் துடைத்து எண்ணைக் குறித்துக்கொள்வார்.

வேலை அதோடு முடிந்தது. கிளம்ப வேண்டியதுதானே? கிளம்ப மாட்டார். நிமிர்ந்து அந்த வீட்டு மரத்தை ஒருமுறை சுற்றிப் பார்ப்பார். "எலுமிச்சைக்கு அடியில சோப்புத் தண்ணி போகுதுங்க, வாய்க்காலத் திருப்பி விடுங்க" என்பார். "அந்த மாமரத்துல ஓட்டை தெரியுது பாருங்க, உள்ள புழு இருக்கு" என்பார். சிலர் காது கொடுத்துக் கேட்பார்கள். பலர், "மீட்டர் சரியா ஓடுதா, அதச் சொல்லுங்க" என்று கதவைச் சாத்துவார்கள். அவருக்கு அதில் கோபம் வந்ததில்லை. அடுத்த முறை வரும்போது சோப்புத் தண்ணீர் இன்னும் அங்கேதான் போகிறதா என்று மறக்காமல் பார்ப்பார். போய்க்கொண்டுதான் இருக்கும்.

அவருக்குச் சொந்த வீடு அமைய ஐம்பது வயதாகிவிட்டது. அதுவரைக்கும் ஏழு வாடகை வீடுகள். ஏழிலும் மரம் வைத்தார். முதல் வீட்டில் மாங்கொட்டை முளைத்து முழங்கால் உயரம் வந்தபோது, வீட்டுக்காரரின் தங்கை குடும்பம் வருகிறது என்று காலி செய்யச் சொன்னார்கள். இரண்டாவது வீட்டு எலுமிச்சையை முள் குத்துகிறது என்று வீட்டுக்காரரே பிடுங்கி வெளியே போட்டார். மூன்றாவது மாடி வீடு. பீப்பாயில் மாதுளை வைத்தார். காலி செய்யும் நாளில் பார்த்தால் வேர் பீப்பாயின் அடி ஓட்டை வழியாக இறங்கி மாடித் தளத்து வெடிப்புக்குள் நுழைந்திருந்தது. இழுத்தால் தளம் பெயரும், விட்டால் மரம் போகும். வீட்டுக்காரர் இடுப்பில் கை வைத்துப் பக்கத்திலேயே நின்றதால் மரம்தான் போயிற்று.

அவர் மனைவி துணி ஆலையில் வெட்டும் பிரிவில் வேலை பார்த்தவள். வாய் கொஞ்சம் காரம். வீடு மாற்றும் ஒவ்வொரு முறையும் பாத்திரத்தைச் சாக்கில் கட்டிக்கொண்டே சொல்வாள்.

"ஏங்க, போற வீட்டுக்கெல்லாம் மரம் வச்சுக் குடுத்துட்டு வர்றோம். நாமதான் அவங்களுக்கு வீட்டுக்காரங்க மாதிரி இருக்கு."

"நாம சாப்பிடலேன்னா என்னம்மா, யாராவது சாப்பிடுவாங்க."

"யாராவதா? அந்த யாராவதுக்கு ஒரு நாள் நம்ம வீட்ல வந்து பாத்திரம் கழுவச் சொல்லுங்க."

நான்காவது வீட்டில் ஐந்து வருஷம் இருந்தார்கள். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தது அங்கேதான். ஒட்டு மாங்கன்று ஒன்று வைத்தார். அது தலைக்கு மேல் வளர்ந்து, முதல் பூ பிடித்த மாதத்தில் அந்த வீடும் போயிற்று. வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருக்கும்போது அவர் மட்டும் பின்னால் போய் மரத்தடியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தார். மனைவி பார்த்தாள். காலி வாளியை வாங்கி வண்டியில் வைத்தாள்.

பல வருஷம் கழித்து, அலுவலகத்தில் வட்டாரத்தை மாற்றிப் பிரித்தபோது அந்தத் தெரு அவர் பங்குக்கு வந்தது. கொக்கியும் பையுமாக அந்த வீட்டுப் பக்கவாட்டில் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மாமரம் மாடியைத் தாண்டிப் போயிருந்தது. இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தால் விரல் எட்டாது. காய்க்கிற பருவம் முடிந்து, இலை மட்டும் கருகருவென்று இருந்தது. மீட்டர் அதன் நிழலில்தான். குனிந்து எண்ணைப் பார்த்தார், குறிக்க மறந்தார், மறுபடி குனிந்தார்.

அந்த வீட்டில் இப்போது இருந்த அம்மாள் துடைப்பமும் கையுமாக வந்தாள்.

"பாத்தீங்களா இந்தக் குப்பைய? எந்தப் புண்ணியவான் வச்சிட்டுப் போனானோ, தினமும் கூட்டிக் கூட்டி என் இடுப்பு போச்சு. எறும்பு வேற. படுக்கை வரைக்கும் வருது."

"காய் எப்படிங்க, நல்லா இருக்குமா?"

"காய்க்கு ஒண்ணும் குறை இல்ல. ஆனா யாரு அதப் பறிச்சு, யாரு அதத் திங்கிறது?"

நான்தான் அந்தப் புண்ணியவான் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். "காய்க்குதா?" என்றாள். "நல்லாக் காய்க்குதாம்." அவள் அடுப்பை அணைத்தாள். பிறகு, "அடுத்த தடவை பருவத்துல போனா ஒண்ணு கேட்டு வாங்கிட்டு வாங்க. வெக்கப்படாதீங்க" என்றாள்.

அடுத்த கணக்கெடுப்புக்கு அவர் போனபோது அங்கே மரம் இல்லை. இன்னொரு மாடி எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அடிமரம் இருந்த இடத்தில் செங்கல் அடுக்கியிருந்தது. மீட்டர் மேல் நேராக வெயில் விழுந்து எண் பளிச்சென்று தெரிந்தது. துடைக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

இரண்டு பேருடைய சேமிப்பும் சேர்ந்து வாங்கிய சொந்த வீடு, ஒன்பது வீடுகள் கொண்ட ஒரு வரிசையில் ஐந்தாவது. ஒட்டி ஒட்டிக் கட்டியவை. முன்னால் ஒரு அறை, அதற்குப் பின்னால் ஒரு அறை, அதற்குப் பின்னால் சமையல். சமையலறைக் கதவைத் திறந்தால் பன்னிரண்டடிக்கு ஒன்பதடி வெறும் மண், அதற்கப்பால் சுற்றுச்சுவர். வீட்டைப் பார்க்க வந்த அன்றைக்கு மனைவி குழாய் திறந்து பார்த்தாள், கதவுத் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள். அவர் அந்த ஒன்பதடி மண்ணை மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

வைத்த மாங்கன்று மூன்று மாதத்தில் காய்ந்தது. மாதுளை வைத்தார். அது இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. மூன்றாவதாக வைக்கக் குழியை ஆழமாகத் தோண்டியபோது மண்வெட்டி 'ணங்' என்றது. ஓட்டாஞ்சில்லு, சுவர்க் காரை, தரை ஓடு, மூட்டையோடு இறுகிக் கல்லாகிப்போன சிமெண்ட். பழைய கட்டடங்களை இடித்த கழிவைக் கொட்டி ஒரு பள்ளத்தை மூடி, மேலே ஒரு அடி மண்ணைத் தூவி வீடு கட்டியிருக்கிறார்கள். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அடப்பாவி, மத்தவங்க இடிச்ச வீட்டு மேலயா நம்ம குடியிருக்கோம்?"

வேறு யாராவது இருந்தால் அத்தோடு விட்டிருப்பார்கள். அவர் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தோண்டினார். நாலடி நீளம், நாலடி அகலம், நாலடி ஆழம். கடப்பாரையால் நெம்பி, கையால் பொறுக்கி, சாக்கில் கட்டினார். ஏழாவது வீட்டில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் ஒருவர் இருந்தார். நல்ல மனிதர், எதற்கும் சிரிப்பவர். விடுமுறை நாளில் சாக்குகளை வேனில் ஏற்றிக்கொண்டு போய், சாலைக்குப் பள்ளம் நிரப்பும் இடத்தில் கொட்டிவிட்டு வருவார். "சார், நீங்க தோண்டற தோண்டலுக்கு எண்ணெயே வந்திருக்கணும்" என்பார். ஒரு வாரம் விரல் நகம் பெயர்ந்து கட்டுப் போட்டுக்கொண்டு கணக்கெடுக்கப் போனார். எட்டு மாதம் ஆயிற்று. பிறகு செம்மண் வாங்கினார். எருவும், அலுவலக வளாகத்தில் கூட்டிக் குவித்த இலை மக்கும் கலந்து குழியை நிரப்பினார். நாற்றுப்பண்ணைக்காரர் ஒருவரிடம் போய், பதியன் போட்ட கொய்யாக்கன்று ஒன்றை, பத்துக் கன்றைத் தள்ளிவிட்டுப் பதினோராவதாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வந்தார்.

கொய்யா பிழைத்தது.

அது பிழைத்த வருஷம்தான் அவர் மனைவி வேலையை விட்டாள். விட்டாள் என்பதைவிட, முடியவில்லை. இருபத்திரண்டு வருஷம் துணி வெட்டுகிற இடத்தில் பறந்த பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கியிருந்தது. இரண்டு படி ஏறினால் நின்று மூச்சு வாங்கினாள். உறிஞ்சு மருந்துக் குப்பி ஒன்றை எந்நேரமும் கையில் வைத்திருந்தாள். டாக்டர், "சமையலறைப் புகையில நிக்காதீங்க, காத்தாட உக்காருங்க" என்றார். காற்றாட உட்கார அந்த வீட்டில் இருந்த இடம் ஒன்றுதான். பிளாஸ்டிக் முக்காலியைப் பின்னால் போட்டு, கொய்யாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதலில் வேண்டா வெறுப்பாகத்தான். "நிழலா இது? கொசுவலையே பரவாயில்ல" என்றாள். மறு வருஷம் நிழல் அவள் மடி அளவுக்கு விழுந்தது. அதற்கடுத்த வருஷம் தலைக்கும் சேர்த்து விழுந்தது. காய்கறி நறுக்குவது, அரிசி பொறுக்குவது, மகளோடு போன் பேசுவது எல்லாம் அங்கேயே என்றாயிற்று.

"என்னம்மா பண்றே?" என்று மகள் கேட்பாள். கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள்.

"மரத்தடியில உக்காந்திருக்கேன்டி. வேற என்ன வேலை?"

அந்தக் குரலில் ஒரு பெருமை இருந்ததை மகள் அப்பாவிடம் சொன்னாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

இரண்டாம் வருஷம் பூத்துப் பூவெல்லாம் கொட்டியது. மூன்றாம் வருஷம் கோலிக்குண்டு அளவுக்குப் பிஞ்சு வந்து, கறுப்புப் புள்ளி விழுந்து உதிர்ந்தது. மனைவி வேப்பெண்ணெயைச் சோப்பில் கரைத்து இலை இலையாகத் துடைத்தாள். மூச்சு வாங்கும்போது நிறுத்திவிட்டு, மறுபடியும் துடைத்தாள். நான்காம் வருஷம் காய் நின்றது. இருபத்து மூன்று காய். அவள்தான் எண்ணினாள். தினமும் காலையில் எண்ணுவாள். கோழிமுட்டை அளவுக்கு வந்து, பச்சை வெளுக்க ஆரம்பித்திருந்தது.

அந்த வாரம்தான் அலுவலகத்தில் அவரைக் கூப்பிட்டார்கள்.

உதவிப் பொறியாளர் சின்ன வயதுக்காரர், மரியாதையாகப் பேசுபவர். மேஜைமேல் வரைபடத்தை விரித்து வைத்திருந்தார். அந்த ஒன்பது வீட்டு வரிசைக்குப் பின்னால் ஐந்தடி அகலத்துக்குப் பத்திரத்திலேயே கழிவுநீர்க் குழாய்க்கு என்று இடம் ஒதுக்கியிருக்கிறது, மூன்று வாரத்தில் வேலை ஆரம்பம், அந்தப் பகுதியில் என்ன இருந்தாலும் அப்புறப்படுத்த வேண்டும் என்று ஒன்பது அறிவிப்புகளை எடுத்து நீட்டினார்.

"உங்க ஏரியாதானே? நீங்களே குடுத்துட்டு கையெழுத்து வாங்கிட்டு வந்துடுங்க."

மீட்டர்காரர் வரைபடத்தைப் பார்த்தார். ஐந்தாவது கட்டத்தில் ஐந்தடிக் கோட்டுக்குள் கொய்யா எங்கே நிற்கிறது என்று அவருக்கு அளக்காமலே தெரியும். சுவரிலிருந்து மூன்றடி.

"சார், எங்க வீடும் இதுல இருக்கு. ஒரு மரம் நிக்குது. குழாயக் கொஞ்சம் வளைச்சுக் கொண்டு போக முடியுமா?"

"கழிவுநீர்க் குழாய வளைச்சா அடைச்சுக்கும், உங்களுக்குத் தெரியாததா? அதோட, நம்ம ஆளுக்கே சலுகை குடுத்தா மத்த எட்டு வீட்டுக்காரங்க என்னச் சும்மா விடுவாங்களா?" என்றவர், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாலடி முன்னால நகர்த்தி வச்சுக்குங்களேன். மரம்தானே?" என்றார்.

எட்டு வீட்டுக்கும் முதலில் கொடுத்தார். ஒருவர் கழிப்பறையை இடிக்க வேண்டும் என்று கத்தினார். இன்னொருவர் துவைக்கிற கல்லைக் காட்டிப் புலம்பினார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியாகத் தன் வீட்டுக்கு வந்து, பின்பக்கம் போய், முக்காலியில் இருந்த மனைவியிடம் காகிதத்தையும் பேனாவையும் நீட்டினார்.

"இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா."

"என்னது இது, புதுசா?"

சொன்னார். அவள் பேனாவை வாங்கினாள். மரத்தை ஒருமுறை பார்த்தாள். முழங்காலில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். "தேதியும் போடணுமா?" என்று மட்டும் கேட்டாள்.

நாற்றுப்பண்ணைக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார். அவர் மரத்தைச் சுற்றி வந்தார். மண்ணைக் கிள்ளிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"முறைப்படி செய்யணும்னா ஒரு பக்கம் வேர வெட்டி ஒரு மாசம் விடணும். அப்புறம் மறுபக்கம். அப்புறம் ஒரு மாசம். மழைக் காலத்துல எடுத்து வைக்கணும். இப்ப வெயில் காலம். மரத்துல காய் வேற."

"மூணு வாரம்தான் இருக்குங்க."

"அப்ப பாதிக்குப் பாதின்னு வச்சுக்குங்க." கொஞ்சம் யோசித்து, "பாதிகூட இல்ல. உங்ககிட்ட எதுக்குப் பொய் சொல்லணும்?" என்றார். போகும்போது, "காய மொத்தமா எடுத்துடுங்க. கிளையப் பாதி கழிச்சிடுங்க. அது தாங்கணும்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காயை மனைவிதான் பறித்தாள். அவர் ஏணி எடுத்து வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றாள். கைக்கு எட்டியதை நின்றுகொண்டும், எட்டாததைக் கிளையை வளைத்தும் பறித்தாள். நடுவில் நாலு தடவை உட்கார்ந்து மருந்தை உறிஞ்சினாள். ஒன்றைக் கடித்துப் பார்த்தாள். துவர்த்து வாயைக் கட்டியது. துப்பாமல் மென்று விழுங்கினாள். அவருக்கும் ஒன்று கொடுத்தாள். அவரும் விழுங்கினார். மீதியைப் பழுக்குமா என்று அரிசிக்குள் புதைத்து வைத்துப் பார்த்தார்கள். சுருங்கிப் போயின.

முறைப்படி இல்லாவிட்டாலும் முடிந்தவரை செய்தார். சுற்றிலும் பள்ளம் எடுத்து, வேரை வெட்டி, வெட்டின இடத்தில் மருந்து தடவி, இரண்டு வாரம் தினமும் காலையிலும் மாலையிலும் தண்ணீர் விட்டார். முன்னால் புதுக்குழி தோண்ட வேண்டியிருந்தது. அங்கேயும் அதே காரை, அதே ஓடு. எட்டு மாதம் செய்த வேலையைப் பன்னிரண்டு நாளில் செய்தார். அலுவலகத்தில் விடுப்பு எடுத்தார். முப்பத்தோரு வருஷத்தில் அவர் காய்ச்சல் இல்லாமல் எடுத்த விடுப்பு அதுதான்.

மரத்தை எடுத்த அன்று வேன்காரரும் இன்னும் மூன்று பேரும் வந்தார்கள். வேரைச் சுற்றின மண்ணைச் சாக்கால் இறுக்கிக் கட்டி, அடியில் பலகை செருகி, கயிறு போட்டு இழுத்தார்கள். பள்ளத்தின் விளிம்புவரை நன்றாகத்தான் வந்தது. விளிம்பில் ஒரு ஓட்டாஞ்சில்லு பலகையைத் தட்டிவிட்டது. மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாக்குக் கிழிந்து, நான்கு வருஷமாக வேரைப் பிடித்திருந்த மண் பொலபொலவென்று உதிர்ந்தது. வெள்ளை வேர்கள் வெயிலில் தொங்கின.

எதற்கும் சிரிக்கிற வேன்காரரே தலையைத் திருப்பிக்கொண்டார். மனைவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "சீக்கிரம் வைங்க, காயுது" என்றாள்.

வைத்தார்கள். மூன்று பக்கமும் முட்டுக் கொடுத்தார்கள். பழைய படுக்கை விரிப்பை மேலே பந்தலாகக் கட்டினார்கள். நாலாம் நாள் இலையெல்லாம் வாடித் தொங்கியது. எட்டாம் நாள் உதிர்ந்தது. இலை போனால் போகட்டும், கட்டையில் உயிர் இருந்தால் துளிர்க்கும் என்று நாற்றுப்பண்ணைக்காரர் சொல்லியிருந்தார். மனைவி காலையில் எழுந்ததும் நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்ப்பாள். "பச்சை இருக்குங்க" என்று உள்ளே குரல் கொடுப்பாள். முதலில் நுனிக்கிளையில் சுரண்டினாள். பிறகு நடுக்கிளை. பிறகு கவட்டை. அவள் கை ஒவ்வொரு வாரமும் கீழே இறங்கிக்கொண்டிருப்பதை அவர் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு பல் துலக்குவார்.

இதற்கு நடுவில் இயந்திரம் வந்தது. முதல் வீட்டுப் பின்னால் பள்ளம் எடுத்தது, இரண்டாவது எடுத்தது. மூன்றாவது வீட்டில் ஏதோ பெரிய தூணின் அடிவாரம் மண்ணுக்குள் கிடந்தது. ஒரு நாள் முழுக்க முட்டி மோதிப் பார்த்தார்கள். இயந்திரத்தின் பல் உடைந்தது. மறுநாள் யாரும் வரவில்லை. நாலாம் நாள் இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு போனார்கள். பழுது பார்க்கத்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

பத்து நாள் கழித்துப் பொறியாளர் அவரைத் தாழ்வாரத்தில் பார்த்துத் தானாகவே நிறுத்தினார். முகமெல்லாம் சிரிப்பு.

"உங்களுக்கு நல்ல சேதி. பின்பக்கம் கீழ பூரா கட்டட இடிபாடு. செலவு தாங்காதுன்னு லைனையே முன் தெருவுக்கு மாத்திட்டாங்க. இனி உங்க பின்பக்கம் யாரும் வர மாட்டாங்க. மரம் அங்கேயே இருக்கட்டும்."

"நகர்த்திட்டேங்க சார்."

"என்னது?"

"நீங்க சொன்னீங்கல்ல, நாலடி. நகர்த்திட்டேன்."

பொறியாளரின் சிரிப்பு போகத் தெரியாமல் முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது. "நிஜமாவே நகர்த்திட்டீங்களா? நான் ஏதோ பேச்சுக்கு..." என்றார். கெட்டவர் இல்லை. அன்று மாலை வேறு ஏதோ கேட்கிற சாக்கில் இரண்டு முறை அவர் மேஜைப் பக்கம் வந்து நின்றுவிட்டுப் போனார்.

மீட்டர்காரர் மனைவியிடம் சொல்லவில்லை. அதுவரை அவளிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லாததால், மூன்று நாளும் சாப்பாடு இறங்கவில்லை. நாலாம் நாள் வேன்காரரின் மனைவி வாசலில் நின்று, "அப்பாடா, எங்க துணிக்கல்லு தப்பிச்சுது அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் வேலை முடிந்து வந்தபோது மனைவி முன் அறையில் உட்கார்ந்திருந்தாள்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"திங்கக்கிழமை."

"அதான் மூணு நாளா தட்டுல கோலம் போட்டுக்கிட்டிருந்தீங்களா?"

அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். திட்டுவாள் என்று பார்த்தார். திட்டினால் தேவலை என்று இருந்தது. அவளோ விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நோட்டீஸ் குடுத்தது நீங்க, கையெழுத்துப் போட்டது நான். யாரப் போய்த் திட்டறது? போங்க, கை கால் கழுவிட்டு வாங்க."

ஒரு மாதம் போயிற்று. ஒரு நாள் காலையில் அடிமரத்தில், தரைக்கு ஒரு சாண் மேலே, செம்பு நிறத்தில் ஒரு துளிர். இரண்டு பேரும் குனிந்து குனிந்து பார்த்தார்கள். அவர் நாற்றுப்பண்ணைக்காரருக்குப் போன் செய்தார். மனைவி மகளுக்குப் போன் செய்தாள். அடுத்த பதினோரு நாளும் அவர்கள் வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது. இரண்டு இலை விரிந்தது. மூன்றாவது விரியவில்லை. பன்னிரண்டாம் நாள் அது தேயிலைத் தூள் மாதிரி சுருண்டிருந்தது, தொட்டதும் கையோடு வந்துவிட்டது. மரம் உள்ளே மிச்சமிருந்ததைத் திரட்டித் துளிர்த்துப் பார்த்திருக்கிறது, அவ்வளவுதான். பட்டையைச் சுரண்டினால் எங்கும் பழுப்பு. மனைவி அன்றிலிருந்து சுரண்டுவதை விட்டுவிட்டாள்.

மழைக்காலம் தொடங்கியதும் அவளுக்கு மூச்சுத் திணறல் அதிகமாயிற்று. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். மகள் வந்து, "இங்க யாருப்பா பாத்துக்குவா? நான் கூட்டிட்டுப் போறேன்" என்று தன் ஊருக்கு அழைத்துக்கொண்டு போனாள். அவள் அங்கே இருந்த இரண்டரை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மரத்தை அறுத்தார். கொய்யாக் கட்டை கெட்டியானது. இரும்பு மாதிரி. சாயங்காலம்வரை ஆயிற்று. வேரையும் கெல்லி எடுத்துப் பார்த்தார். வைத்த நாளில் இருந்தபடியே இருந்தது. ஒரு விரல்கடை புதுவேர்கூடப் போகவில்லை. குழியை மூடி மிதித்துவிட்டார். மனைவியிடம் போனில் சொன்னபோது, "கையில அடிகிடி படலையே?" என்று கேட்டாள். மரத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது அவள் பாதியாக இருந்தாள். பேச்சும் பாதி. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. பின்கதவைத் திறந்து ஒருமுறை பார்த்தாள். மழையில் மண் சேறாகி, அதற்கு மேலே பழைய ஓட்டுத் துண்டுகள் கிளம்பி வந்திருந்தன.

"இதுக்குச் சிமெண்ட் போட்டுடுங்க" என்றாள். "வழுக்கி விழுந்தேன்னா... எலும்பையும் வேற யாரு பாக்கறது?"

"சின்னதா ஒரு எலுமிச்சை வேணா..."

"வேண்டாங்க."

அவருக்கும் தோண்டத் தெம்பு இல்லை. பணி ஓய்வுக்கு இன்னும் பதினாலு மாதம் இருந்தது. முழங்கால் இரண்டும் மீட்டர் குழிகளில் குனிந்து குனிந்தே தேய்ந்திருந்தன. கொத்தனார் ஒருவர் வந்தார். சரளை, மணல், சிமெண்ட் என்று ஒரே நாளில் பன்னிரண்டடிக்கு ஒன்பதடி மண்ணும் மறைந்தது. மட்டப்பலகையால் இழுத்து மெழுகிவிட்டுக் கொத்தனார் கை கழுவினார்.

"ஏழு நாளைக்கு விடாம தண்ணி காட்டுங்க. காய விட்டீங்கன்னா வெடிச்சுரும். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை."

மறுநாள் காலையில் மீட்டர்காரர் வாளியை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். மனைவி சமையலறை வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவர் குவளையால் மொண்டு, மூலை முடுக்கு விடாமல், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஊற்றினார். சிமெண்ட் தண்ணீரைக் குடித்துக் கறுத்தது. அவர் குனிந்து, ஒரு இடத்தில் நனையவில்லை என்று அங்கே இன்னொரு குவளை ஊற்றினார்.

"பாத்து ஊத்துங்க" என்றாள் மனைவி. "மொளைச்சிடப் போகுது."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரிப்பு இருமலில் கொண்டுபோய் விட்டது. அவர் குவளையைப் போட்டுவிட்டு ஓடி வந்து முதுகைத் தடவிக்கொடுத்தார். இருமல் அடங்க நேரம் ஆயிற்று. அடங்கிய பிறகும் அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. சிரித்ததாலா, இருமியதாலா என்று அவர் கேட்கவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"சாயங்காலம் வந்து ஊத்தறேன். நீ எந்திரிக்காத."

"சரி" என்றாள்.

ஏழு நாளும் ஊற்றினார். வெடிப்பு எதுவும் விழவில்லை. கொத்தனார் வேலை சுத்தம் என்று வேன்காரர் வந்து பார்த்துச் சொன்னார். அந்த மாதக் கணக்கெடுப்பில் அவர் எழுநூறு வீட்டு மூடியையும் திறந்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, மூடிவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனார். எந்த வீட்டிலும் எதையும் நிமிர்ந்து பார்த்ததாகத் தெரியவில்லை. வேலை முன்பைவிடச் சீக்கிரமாக முடிகிறது என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள்.